கடல் கடந்த பாவை விளக்குகள்

மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் சுசீந்திரத்தில் நிற்கும் பேறு பெற்றவர்கள் 'மக்கள்மார் சந்திப்பை' மறக்க மாட்டார்கள். கோட்டாற்றிலிருந்து வலம்புரி விநாயகரும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், மருங்கூரிலிருந்து சுப்பிரமணிய சுவாமியும் தத்தம் ஊர்களை விட்டுப் புறப்பட்டு, தாய் தந்தையரைக் காண இத்தலத்துக்கு எழுந்தருளுகின்றனர். பிள்ளைகள் வேறு வேறு ஊர்களில் குடியிருந்தாலும் திருவிழாவுக்குப் பெற்றோர் வாசலுக்கு வந்துசேர வேண்டும் என்பது நாஞ்சில் நாட்டின் மரபு. தேரோட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் நள்ளிரவில் சப்தாவர்ணம் நிகழும். பிள்ளைகள் விடைபெறும் வேளை அது. பிரிய மனமின்றி வாகனங்கள் முன்னும் பின்னுமாக அசைவதைக் கண்டு கூட்டத்தில் கண் கலங்காத முதியோர் இல்லை.

அந்தக் கண்ணீருக்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. இக்கூட்டத்தில் நிற்கும் பலருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் சிங்கப்பூரிலோ, இலண்டனிலோ, அமெரிக்காவிலோ வாழ்கின்றனர். விடுமுறைக்கு வரும் பேத்தி தமிழைத் தட்டித் தடுமாறிப் பேசுகிறாள். ஆனால் காலில் சலங்கை கட்டி, நெற்றிச்சுட்டி அணிந்து, நடராசப் பெருமான் முன் வணங்கி நிற்கும்போது அவளை வேற்று நாட்டுப் பெண் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. "அங்கே பிறந்த பிள்ளைக்கு இது எப்படி வந்தது?" என்று ஆச்சிமார் வியக்கின்றனர்.

இவ்வினாவுக்கு விடை தேடினால், அது ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீளமுள்ள ஒரு வரலாற்றுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. தாய்நாட்டை விட்டுப் பிற நாடுகளுக்குச் சென்ற நம் பெண் கலைஞர்கள், தம் நாட்டையும் தம் தெய்வங்களையும் அந்நியர் முன் எவ்வாறு நிறுத்திக் காட்டினர் என்ற வரலாறு அது. அவ்வரலாறு சுசீந்திரத்துப் பிராகாரத்திலிருந்தே தொடங்கத் தக்கது.

கல்லில் நிற்கும் பெண்கள்

தாணுமாலயன் திருக்கோயிலின் நீண்ட பிராகாரங்களை வலம் வருகையில், இருமருங்கும் தூண்களில் கையில் அகல் ஏந்தி நிற்கும் பாவைகளைக் காண்கிறோம். கல்லிலே வடித்த அப்பெண்கள் நூற்றாண்டுகளாக விளக்கைத் தாங்கி நிற்கின்றனர். ஒற்றைக் கல்லில் பல சிறு தூண்களாகக் குடைந்து, தட்டினால் இசை எழுப்பும் தூண்களும் இங்குள்ளன. கல்லுக்கே இசையும் நாட்டியமும் கற்பித்த தலம் இது.

கல்லில் நிற்கும் இப்பெண்களைப் போலவே, உயிருள்ள பெண்களும் ஒரு காலத்தில் இக்கோயிலில் விளக்கேந்தி நின்றனர். தென் திருவிதாங்கூரில் அவர்களைக் 'குடிக்காரிகள்' என்று அழைத்தனர். சுவாமி புறப்பாட்டின் முன் ஆடுதல், பாடுதல், விளக்கேந்துதல் ஆகியவை அவர்தம் திருப்பணிகள். சுசீந்திரம் கோயிலின் நிர்வாகம், வழிபாடு, விழாக்கள், பணியாளர்கள் ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து வரலாற்றறிஞர் கே.கே. பிள்ளை எழுதிய பெருநூல் 1953-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை வெளியிட்டது சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்திரம். நாட்டியப் பள்ளியாகிய கலாக்ஷேத்திரம் சுசீந்திரத்துக் கோயிலைப் பற்றிய நூலை வெளியிட்டது பொருத்தமானதே. அங்குப் பயின்ற ஒரு மாணவி பின்னர் கடல் கடந்து என்ன செய்தார் என்பதைப் பின்னே காண்போம்.

1838: திருவயிந்திரபுரத்திலிருந்து பாரிசுக்கு

கடலூரை அடுத்த திருவயிந்திரபுரம், தேவநாதப் பெருமாள் எழுந்தருளியுள்ள திவ்விய தேசம். 1838-ஆம் ஆண்டு அவ்வூரைச் சேர்ந்த ஐந்து பெண்கள் தார்திவெல் என்னும் பிரெஞ்சு வணிகருடன் புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறினர். தில்லம்மாள் அவர்களுள் மூத்தவர். முப்பது வயதை ஒட்டியவர். அம்மணி இளம்பெண். சுந்தரம், இரங்கம் இருவரும் சிறுமியர். வேதம் இன்னும் குழந்தைப் பருவம் கடவாதவள். அவர்களோடு இசைக் கலைஞர் மூவரும் சென்றனர். மாதக்கணக்கில் நீடித்த கடற்பயணத்திற்குப் பின் பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் கரையேறி, பாரிசை அடைந்தனர். அரசர் லூயி பிலிப்பின் அரண்மனையில் ஆடினர். பின்னர் பாரிசு நகரின் 'வரியேத்தே' அரங்கிலும், இலண்டன் 'அடெல்பி' அரங்கிலும் ஆடினர்.

அங்கு அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தது எது? ஐரோப்பியரின் கற்பனையில் 'பயதேர்' என்ற ஓர் உருவம் முன்பே இருந்தது. நாட்டியப் பெண்ணைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. செருமானியக் கவி கதே 1797-லேயே ஓர் இந்திய நாட்டியப் பெண்ணைப் பற்றிக் கவிதை எழுதியிருந்தார். 1830-இல் பாரிசில் அக்கதை இசை நாடகமாகவும் மேடையேறிப் புகழ்பெற்றது. இந்திய நடனப் பெண்ணாக அதில் ஆடியவர் ஓர் ஐரோப்பிய நடன மாது. எனவே, உண்மையான கோயில் நாட்டியப் பெண்களைக் காண்பதற்கு முன்பே, அவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பியர் முடிவு செய்துவிட்டனர்.

இந்நிலையில் தில்லம்மாளும் அம்மணியும் மேடையில் நின்றனர். நுனிக்காலில் மிதந்து ஆடுவதையே நடனமென்று கண்டிருந்தவர்களுக்கு முன், பாதம் முழுதும் தரையில் பதியத் தட்டி, கண்ணாலும் கையாலும் பொருள் சொல்லும் ஆட்டத்தை ஆடினர். பிரெஞ்சு எழுத்தாளர் தெயோபில் கோத்தியே அம்மணியின் ஆட்டத்தில் மனம் பறிகொடுத்து எழுதினார். ஜான் ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி அம்மணியின் உருவத்தை வெண்கலத்தில் வார்த்தார். அச்சிலை இன்றும் இருக்கிறது. சுசீந்திரத்துப் பாவைக்குக் கல்லில் கிடைத்த இடம், அம்மணிக்கு அயல்நாட்டு வெண்கலத்தில் கிடைத்தது.

ஆயினும் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவை ஏராளம்; அவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்ன சொல் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. 'இந்தியா' என்ற ஒரு நாட்டின் தூதர்களாக அவர்களை எவரும் அனுப்பவில்லை. அப்படியொரு சுதந்திர நாடு அன்று இருக்கவுமில்லை. அவர்கள் அறிந்தவை தம் ஊரும், தம் பெருமாளும், தம் குலத்தொழிலுமே. ஆனால் ஐரோப்பியர் கண்ணுக்கு அந்த ஐவரும் ஒரு தேசம் முழுவதற்கும் உருவமாகிவிட்டனர். அயல்நாட்டு மேடையில் நிற்கும் பெண்ணின் சுமை இதுதான். ஆடுபவர் ஒருவரே, அவர்மீது ஏற்றப்படுவதோ ஒரு நாட்டின் பாரம்.

மாசு எவருடையது?

சுசீந்திரம் என்ற பெயரின் காரணம் அன்பர்கள் அறிந்ததே. அகலிகை விஷயத்தில் இழைத்த பிழையால் உடலெங்கும் மாசு கொண்ட இந்திரன், இத்தலத்தில் தவம் செய்து 'சுசி'யானான். அதாவது தூய்மை அடைந்தான். இன்றும் அர்த்தசாம வழிபாட்டை இந்திரனே வந்து செய்கிறான் என்பது ஐதிகம். பிற்காலத்தில் ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் இக்கோயிலில் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தம் தூய்மையை நிறுவ வேண்டும் என்ற கடும் வழக்கமும் இருந்தது. 'சுசீந்திரம் கைமுக்கு' என்று அதைச் சொல்வர். மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது என்பர்.

இவ்விரு செய்திகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இத்தலத்தில் மாசு தீர வேண்டியவனாக நின்றவன் ஆண். ஆனால் நாட்டியத்தின் வரலாற்றில் நடந்தது வேறு. செல்வரும் அதிகாரமுடையோரும் கோயில் நாட்டியப் பெண்களைத் தவறான வாழ்க்கைக்கு உட்படுத்தினர். பழியோ பெண்கள் மீதும், அவர்தம் கலையின் மீதும் விழுந்தது.

திருவிதாங்கூரில் ரீஜண்டு மகாராணி சேது லட்சுமிபாய் ஆட்சிக் காலத்தில், கோயில்களில் தேவதாசி முறை படிப்படியாக ஒழிக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நீண்ட போராட்டத்தின் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. சிறுமியரின் வாழ்வைக் காத்த அச்சட்டம் வேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழக்கத்தோடு சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த பெண்களும் கோயிலிலிருந்து வெளியேற நேர்ந்தது. அதே காலத்தில், 'சதிர்' என்று வழங்கிய அவர்களுடைய ஆட்டம் 'பரதநாட்டியம்' என்ற பெயரோடு சபை மேடைகளில் ஏறி, பெருமைக்குரிய கலையாயிற்று. 1935-இல் ருக்மிணி தேவி மேடையேறி ஆடியதும், 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் அவ்வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சிகள்.

சுதந்திர இந்தியா தன் முகத்தை உலகுக்குக் காட்ட விரும்பியபோது, அந்த முகத்துக்குத் திலகமாக நின்றவற்றுள் பரதநாட்டியமும் ஒன்று. கலைக்குக் கிடைத்த மரியாதை, அதைக் காத்து வந்தவர்களுக்கு உரிய அளவில் கிடைத்ததா என்ற வினா அப்படியே நின்றது. அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்னவர் பாலசரஸ்வதி.

கோயிலைத் தம்மோடு கொண்டு சென்றவர்

வீணை தனம்மாளின் பேர்த்தியும் ஜெயம்மாளின் மகளுமான பாலசரஸ்வதி 1918-இல் பிறந்தவர். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேறினார். ஆசான் கந்தப்ப பிள்ளையின் கண்டிப்பில் வளர்ந்தார். குலத்தின் பெயரை மறைத்தால் வாழ்வு எளிதாகும் என்ற காலத்தில், அதை மறைக்காமல் தலைநிமிர்ந்து நின்றார். தம் கலையைத் 'தூய்மைப்படுத்த' வேண்டிய தேவை ஏதும் இல்லை. அது தூய்மையாகவே இருக்கிறது என்பது அவருடைய உறுதி.

1961-இல் டோக்கியோவில் கீழை மேலை இசைச் சந்திப்பிலும், 1962-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நடன விழாவான ஜேக்கப்ஸ் பில்லோவிலும், 1963-இல் எடின்பரோ விழாவிலும் அவர் ஆடினார். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய சகோதரர்களாகிய இரங்கநாதனும் விசுவநாதனும் அந்நாட்டில் மிருதங்கமும் குழலும் கற்பித்தனர். ஒரு தமிழ்க் குடும்பம் முழுவதுமே அங்குக் குருகுலமாகியது.

அயல்நாட்டாருக்குப் புரிய வேண்டுமென்று அவர் தம் ஆட்டத்தை வேகப்படுத்தவில்லை. ஆடம்பர அரங்க அமைப்புகளை நாடவில்லை. நின்ற இடத்தில் நின்று, தாமே பாடிக்கொண்டு, 'கிருஷ்ணா நீ பேகனே' என்ற ஒரு பாடலுக்கு அபிநயம் செய்வார். மொழி அறியாதவர்களும் குழந்தைக் கண்ணனை அழைக்கும் தாயைக் கண்டனர். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா' என்ற படத்தில், கடற்காற்றில் புடவை பறக்க அப்பாடலுக்கு அவர் ஆடுவதை இன்றும் காணலாம்.

1975-இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றுகையில், பரதநாட்டிய நிகழ்ச்சியின் அமைப்பைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டு அவர் விளக்கினார். அன்பர்கள் நினைவில் கொள்ளத் தக்க விளக்கம் அது. அலாரிப்பு கோபுர வாசல். ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம். சப்தம் பெரிய மண்டபம். வர்ணத்தில் சந்நிதியின் எல்லையை அடைகிறோம். மேளமும் ஆரவாரமும் அடங்கிய பதத்தில், கருவறையின் குளிர்ந்த அமைதியில் இறைவனை அருகே நின்று காண்கிறோம். தில்லானா, மணியோசையோடு கற்பூர ஆரத்தி எடுக்கும் வேளை. இறுதியில் வரும் சுலோகம், வெளியே கண்ட தெய்வத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புவது.

சுசீந்திரத்தின் ஏழு நிலைக் கோபுரத்தைக் கடந்து, மண்டபங்களைத் தாண்டி, தாணுமாலயன் சந்நிதிக்குச் சென்று, மனத்தில் அவனை ஏந்தித் திரும்பிய எவருக்கும் இது உடனே விளங்கும். கோயிலை விட்டு வெளியேற்றப்பட்ட மரபில் வந்த ஒரு பெண், எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே ஒரு கோயிலைத் தம் ஆட்டத்தால் எழுப்பிக் காட்டினார். நாட்டின் அடையாளம் என்பதை அவர் கொடியிலும் முழக்கத்திலும் தேடவில்லை, சந்நிதியில் தேடினார். 1973-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டத்தையும், 1977-இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருதையும் அளித்தன. 1984-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மூன்று நாடுகளின் மகள்

சென்று ஆடித் திரும்பியவர்கள் ஒரு வகை. அயல்நாட்டிலேயே குடியேறி, அந்நாட்டையே தம் நாடாக ஏற்றவர்கள் மற்றொரு வகை. இவர்களுடைய பணி இன்னும் கடினமானது. அடுத்த வீட்டில் இருப்பவர் சீனர். எதிர் வீட்டில் மலாய்க்காரர். அங்கே 'நம் நாடு' என்று எதைச் சொல்வது?

நீலா சத்யலிங்கம் 1938-இல் கொழும்பில் பிறந்த தமிழ்ப் பெண். கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவியிடம் பயின்றார். இசைக் கலைஞரான சத்யலிங்கத்தை மணந்து, 1974-இல் சிங்கப்பூரில் குடியேறினார். 1977-இல் இருவரும் 'அப்சராஸ் ஆர்ட்ஸ்' என்ற நாட்டியப் பள்ளியைத் தொடங்கினர். நூற்றுக்கணக்கான மாணவியர் அவரிடம் பயின்றனர். சிங்கப்பூர் அரசு கலைஞர்களுக்கு அளிக்கும் மிக உயர்ந்த சிறப்பான கலாசாரப் பதக்கம் 1989-இல் அவருக்குக் கிடைத்தது. பிறந்தது இலங்கை, கற்றது இந்தியா, பெருமை சேர்த்தது சிங்கப்பூருக்கு. இம்மூன்றில் எது அவருடைய நாடு? 2017-இல் அவர் மறையும் வரை அவர் வாழ்வைப் பார்த்தவர்களுக்கு இவ்வினாவே தேவையற்றதாகத் தோன்றியிருக்கும். ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை அவர் துறக்கவில்லை.

அவருக்கு முன்பே அதே ஊரில் விளக்கேற்றியவர் சாந்தா பாஸ்கர். 1939-இல் கேரளத்தில் பிறந்த அவர், நாட்டிய ஆசிரியரான கே.பி. பாஸ்கரை மணந்து 1955-இல் சிங்கப்பூர் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினாறு அளவே. புதிய ஊரில் சீன மக்களின் நாடகங்களையும், பிற இனத்தாரின் ஆட்டங்களையும் கூர்ந்து கண்டார். 1958-இல், சீனர் தலைமுறைகளாகச் சொல்லி வரும் 'வண்ணத்துப்பூச்சிக் காதலர்' கதையைப் பரதநாட்டியமாக அமைத்தார். இறந்த காதலர் இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்து செல்லும் அக்கதையை, நம் முத்திரைகளாலும் அபிநயத்தாலும் சீனர்களுக்கே ஆடிக் காட்டினார்.

இது மரபுப் பிழை என்று எவரேனும் கருதலாம். சற்று எண்ணிப் பார்ப்போம். சிங்கப்பூர் தனி நாடாகும் முன்பே, இன வேறுபாடுகளால் மனம் பிரிந்து கிடந்த ஊர் அது. அங்கே ஒரு இந்தியப் பெண் அண்டை வீட்டாரின் கதையை மதித்து, அதைத் தம் கலையின் மொழியில் சொன்னார். 'நீங்கள் எங்கள் விருந்தினர் அல்லர். நாங்களும் உங்கள் விருந்தினர் அல்லேம். இது நம் அனைவரின் வீடு' என்ற பொருளை ஆட்டத்தால் உணர்த்தினார். அடவும் தாளமும் மாறவில்லை. கதை மட்டுமே புதியது. 1990-இல் அவருக்கும் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. முதுமையிலும் கற்பிப்பதை நிறுத்தாத அவர், 2022-இல் மறைந்தார்.

சுசீந்திரத்தின் மூலவரை நினைத்துப் பாருங்கள். தாணு என்னும் சிவனும், மால் என்னும் திருமாலும், அயன் என்னும் பிரமனும் ஒரே திருமேனியாய் நிற்கும் தலம் இது. அநசூயை தேவி மூவரையும் குழந்தைகளாக்கி ஒரே மடியில் ஏந்திய தலம். மூன்றை ஒன்றாக ஏந்துவது பெண்மைக்கு எளிது என்று இத்தலம் நமக்குக் கற்பிக்கிறது.

மோகனாம்பாள் குடியேறிய ஊர்

'தில்லானா மோகனாம்பாள்' பத்மினியை மறந்த முதியோர் தமிழ்நாட்டில் உண்டோ? சுசீந்திரம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், அச்சமஸ்தானத்தின் தலைநகரமான திருவனந்தபுரத்தில் 1932-இல் பிறந்தவர் அவர். லலிதா, பத்மினி, ராகினி மூவரையும் 'திருவாங்கூர் சகோதரிகள்' என்றே நாடு அழைத்தது. 1957-இல் இந்திய சோவியத்துக் கூட்டுத் தயாரிப்பான 'பர்தேசி' படத்திலும் பத்மினி நடித்தார்.

டாக்டர் ராமச்சந்திரனை மணந்த அவர் பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1977-இல் நியூ ஜெர்சியில் நாட்டியப் பள்ளி தொடங்கினார். திரையில் கோடி மக்கள் கண்ட முகம், அங்கே சிறுமியர்க்கு அரைமண்டி திருத்தும் ஆசிரியையின் முகமாயிற்று. திரைப்புகழை விட இது சிறிய பணி என்று தோன்றலாம். ஆனால் புகழ் ஒரு தலைமுறையோடு முடியும். கற்பித்தது அடுத்த தலைமுறைக்குச் செல்லும். 2006-இல் அவர் மறைந்தபோது, அவர் கற்பித்த பெண்கள் தம் மக்களுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தனர்.

1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பின், மருத்துவரும் பொறியாளருமாகப் பல்லாயிரம் இந்தியக் குடும்பங்கள் அங்குச் சென்றன. அவர்கள் முதலில் தேடியது வழிபாட்டுக்கு ஓர் இடம். 1977 ஜூலை 4 அன்று நியூயார்க் நகரின் ஃப்ளஷிங் பகுதியில் மகா வல்லப கணபதிக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. பிட்ஸ்பர்க்கில் வேங்கடேசப் பெருமாள் எழுந்தருளினார். கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடந்து வருகிறது. கோயில் எழுந்த இடங்களிலெல்லாம், அதன் அருகே ஒரு நாட்டிய வகுப்பும் எழுந்தது. பெரும்பாலும் அதைத் தொடங்கியவர் கணவருடன் குடியேறிய ஒரு பெண். வீட்டின் அடித்தளமே அவருக்கு நடனசாலை. பனிபெய்யும் மாலையில் அங்கே தட்டுக்கழி ஒலித்தது.

நாட்டை விட்டு விருப்பத்தோடு சென்றவர்கள் இவர்கள். விரும்பாமல் சென்றவர்களும் உண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து போரால் துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இலண்டன், பாரிசு, டொராண்டோ, சுவிட்சர்லாந்து எனச் சிதறின. வீடும் நிலமும் இழந்த அவர்கள், பெண்பிள்ளைகளின் நாட்டிய வகுப்பை மட்டும் கைவிடவில்லை. ஆவணங்கள் பறிபோகலாம், உடலில் பதிந்த கலையை எந்த எல்லையிலும் பறிக்க இயலாது. அவர்களுக்கு நாட்டியம், நாட்டின் பெருமையைக் காட்டும் வழி மட்டும் அன்று. இழந்த நாட்டை நினைவில் காக்கும் பெட்டகம்.

நாம் செய்யத் தக்கது

தில்லம்மாளிலிருந்து இன்றைய பேத்தி வரை இவ்வரலாற்றை நோக்கினால், ஒரு மாறுதல் தெரிகிறது. 1838-இல் நம் பெண்களைப் பற்றி அந்நியர் எழுதினர். நம் பெண்கள் பேச இயலவில்லை. பாலசரஸ்வதி தம் கலையின் பொருளைத் தாமே விளக்கினார். நீலாவும் சாந்தாவும் தாம் குடியேறிய நாட்டின் அடையாளத்தையே உருவாக்கும் இடத்தை அடைந்தனர். பிறர் வரைந்த உருவமாக இருந்த பெண், தன் உருவத்தைத் தானே வரையும் நிலைக்கு உயர்ந்தாள்.

இவ்வேளையில் வீட்டுப் பெரியோர்க்குச் சில கடமைகள் உண்டு. அயல்நாட்டில் அரங்கேற்றம் சில வேளைகளில் திருமணம் போன்ற செலவாகிவிடுகிறது. மண்டபம், பக்கவாத்தியம், பட்டாடை, விருந்து எனப் பெற்றோர் திணறுகின்றனர். ஏழு வயதுப் பாலா அரங்கேறியது அம்மன் சந்நிதியில் என்பதை நாம் நினைவூட்டலாம். இரண்டாவது, பேத்தி ஆடும் பாடலின் பொருளைச் சொல்லிக்கொடுக்க நம்மைவிடத் தகுதியுடையவர் எவர்? 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், பாட்டி?' என்று தொலைபேசியில் அவள் கேட்கும் வினாவே தமிழ் அவளிடம் செல்லும் வாயில். மூன்றாவது, இக்கலையைக் காத்துத் தந்த பெண்களைப் பற்றி அவளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் பட்ட பழி அவர்களுடையது அன்று என்பதைச் சுசீந்திரத்து இந்திரன் கதையோடு சேர்த்துச் சொன்னால், குழந்தைக்கும் புரியும்.

அடுத்த மார்கழியில் பேத்தி ஊருக்கு வந்தால், மூன்றாம் நாள் அவளைச் சுசீந்திரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பதினெட்டடி ஆஞ்சநேயரைத் தரிசித்த பின், பிராகாரத்தில் நிறுத்தி, பாவை விளக்குகளைக் காட்டுங்கள். "நீ செய்யும் வேலையை இவர்கள் எத்தனை காலமாகச் செய்கிறார்கள், பார்" என்று சொல்லுங்கள். பிறகு தெற்கு வீதிக்கோ தேரடிக்கோ வந்து, தொலைவிலிருந்து பெற்றோரைக் காண எழுந்தருளும் பிள்ளைகளைச் சேர்ந்து வணங்குங்கள்.

ஒன்பதாம் நாள் இரவு பிள்ளைகள் விடைபெறுவார்கள். உங்கள் பேத்தியும் சில நாளில் விமானம் ஏறுவாள். கோட்டாற்றுக்குத் திரும்பினாலும் விநாயகர் சுசீந்திரத்தாரின் பிள்ளையே அல்லவா? கையில் விளக்கோடு செல்பவள் எந்த ஊரிலும் அந்நியள் ஆகாள். தாணுமாலயன் அவளுக்குத் துணை நிற்பானாக.